சிறுவிடைக் கோழிக்கு நாலு சேவல் கணக்கு

நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் ஒரு சேவல், பத்துப் பெட்டை என்றுதான் தொடங்குகிறார்கள். கறிக்கும் முட்டைக்கும் அது போதும். ஆனால் சிறுவிடையை, அதாவது சின்ன உடம்புள்ள நம் நாட்டுக்கோழி ரகத்தை, கலப்பில்லாமல் பெருக்கி, பத்து வருஷம் கழித்தும் அதே கோழியாக வைத்திருக்க நினைப்பவருக்கு அந்தக் கணக்கு உதவாது. பெட்டை பத்தோ இருபதோ, சேவல் ஒன்றுதான் என்றால் பொரிப்பதெல்லாம் ஒரே தகப்பன் பிள்ளைகள். அடுத்த ஈட்டில் அண்ணனும் தங்கையும்தான் சேர வேண்டியிருக்கும்.

அந்தக் காலத்தில் யார் இதெல்லாம் பார்த்தார்கள் என்று கேட்பார்கள். பார்க்கத் தேவை இருக்கவில்லை. தெருக்கோழி வேலிக்குள் நிற்பதில்லை. பக்கத்து வீட்டுச் சேவல் இங்கே வரும், இந்த வீட்டுப் பெட்டை அடுத்த தெருவில் மேயும். சேவலும் ரொம்ப நாள் தங்காது. கோயிலுக்கு நேர்ந்துவிட்டதாக இருக்கும், இல்லை விருந்தாளி வந்த அன்று குழம்பாகிவிடும். ஊர் முழுக்க ஒரே கூட்டம், அதில் பல சேவல்கள். நாம் வலை கட்டி, இருபது கோழியை உள்ளே வைத்துப் பூட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

வலை கட்டாமலும் இருக்க முடியவில்லை. கிரிராஜா, வனராஜா போன்ற மேம்படுத்தப்பட்ட ரகங்களும் அசீல் என்ற பெரிய சண்டைக்கோழியின் கலப்புகளும் ‘நாட்டுக்கோழி’ என்ற பெயரிலேயே ஊருக்குள் வந்துவிட்டன. அவற்றின் சேவல் ஒன்று வேலி தாண்டினால் போதும், சிறுவிடையின் ஒடிசலான உடம்பு அடுத்த தலைமுறையிலேயே பருத்துப் போகும். வெளிக்கலப்பு வரக்கூடாது, உள்ளுக்குள் ரத்தம் நெருங்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு

நெருங்கிய உறவில் சேர்ந்தால் என்ன ஆகும்? கோழியின் ஒவ்வொரு குணத்துக்கும் அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி வருகிறது. அப்பாவும் அம்மாவும் உறவென்றால், இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததாக இருந்துவிடலாம். அவரிடம் மறைந்திருந்த குறையும் அப்போது இரட்டிப்பாகி வெளியே வரும். உடன்பிறந்த சேவலும் பெட்டையும் சேர்ந்தால் குஞ்சுக்கு அந்த வாய்ப்பு 25 சதவீதம். தகப்பனும் மகளும் சேர்ந்தாலும் அதே 25. தகப்பன் ஒன்று, தாய் வேறு என்றால் 12.5. ஒன்றுவிட்ட உறவென்றால் 6.25.

இது ஜோடிக் கணக்கு. மொத்தக் கூட்டத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க மரபியலாளர் சிவெல் ரைட் 1931-இல் எழுதியது. சேவல் எண்ணிக்கையை எட்டால் பெருக்கி ஒன்றை அதால் வகுக்க வேண்டும். பெட்டைக்கும் அதே மாதிரி. இரண்டையும் கூட்டினால், ஒரு தலைமுறைக்கு எவ்வளவு உறவு நெருங்குகிறது என்று வரும்.

ஒரு சேவல், பத்துப் பெட்டைக்குப் போட்டுப் பாருங்கள்: 13.75 சதவீதம். பெட்டையை முப்பதாக்கினால்? 12.9. இருபது பெட்டைக்குக் கூடுதலாகத் தீனி போட்டும் ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. பெட்டையைப் பத்திலேயே விட்டு, இன்னொரு சேவலைச் சேர்த்தால் 7.5. நாலு சேவல், பன்னிரண்டு பெட்டை என்றால் 4.2. கோழிப்பண்ணை என்றதும் பெட்டையை எண்ணுகிற பழக்கத்தை இந்த வேலையில் விட்டுவிட வேண்டும். குறைவாக இருக்கும் பக்கம்தான் கணக்கைத் தீர்மானிக்கிறது, நம் கூட்டங்களில் அது எப்போதுமே சேவல் பக்கம்.

ஐந்து தலைமுறை ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். ஒரு சேவல் கூட்டம் 52 சதவீதத்தைத் தொட்டிருக்கும். நாலு சேவல் கூட்டம் 19-இல் நிற்கும். நான் சொல்லப்போகிற முறையில் ஒவ்வொரு சேவலுக்கும் ஒரு மகன், ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு மகள் என்று சமமாக எடுத்து வைத்தால் அதே நாலு சேவலுக்கு 12 தான்.

ஆக, புதிதாகத் தொடங்குபவருக்கு என் சிபாரிசு நாலு சேவல், பன்னிரண்டு பெட்டை. நாலு பட்டி, பட்டிக்கு ஒரு சேவலும் மூன்று பெட்டையும். இடமும் பணமும் குறைவென்றால் பெட்டையை எட்டாகக் குறையுங்கள், சேவலைக் குறைக்காதீர்கள்.

வாங்குவது

நாலு குடும்பங்களை நாலு ஊரிலிருந்து வாங்குங்கள். ஊர்களுக்கு இடையே நல்ல தூரம் இருக்கட்டும், ஒரே சந்தைக்குப் போகிற ஊர்களாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஒரே பொரிப்பகத்தில் நூறு குஞ்சு வாங்கினாலும் அவை அண்ணன் தம்பி கூட்டமாக இருக்கலாம். பெட்டைகளோடு எத்தனை சேவல் வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

கலப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தை வைத்து முடியாது. சிறுவிடையில் கறுப்பு, செம்பழுப்பு, வெள்ளை, புள்ளி எல்லாம் உண்டு. உடம்பையும் நடத்தையையும் பாருங்கள். சின்ன உடம்பு, இறுகிய இறகு, கையில் தூக்கினால் துள்ளுகிற வேகம், மரத்தில் ஏறி அடைகிற பழக்கம், சின்ன முட்டை. எல்லாவற்றையும்விட நம்பகமான சோதனை அடை. சிறுவிடைப் பெட்டை ஒரு ஈடு முட்டை இட்டு முடித்ததும் தானாக அடைக்கு உட்காரும். வருஷம் முழுக்க முட்டை போட்டுக்கொண்டே இருந்து, அடைக்கே வராத பெட்டை என்றால் அதில் மேம்படுத்திய ரகத்தின் ரத்தம் இருக்கிறதோ என்று சந்தேகப்படலாம். அதனால் முடிந்தவரை, குஞ்சோடு திரிகிற தாய்க்கோழியாகப் பார்த்து வாங்குங்கள். அடை உட்கார்ந்ததற்குச் சாட்சி காலைச் சுற்றியே ஓடிக்கொண்டிருக்கும்.

வாங்கி வந்ததை நேராகக் கூட்டில் விடக்கூடாது. ஒரு மாதம் தனியாக, முடிந்தால் காற்று போகிற திசையில் தள்ளி வைத்துப் பாருங்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் நாலு குடும்பமும் சேர்ந்து போய்விடும். அப்புறம் எந்தக் கணக்கும் மிச்சமில்லை. அதைத் தடுக்கக் குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஆர்2பி ஊசி, நடுவில் ஒரு லசோட்டா என்பது பொதுவான வரிசை. உங்கள் பகுதி கால்நடை மருந்தகத்தில் கேட்டு அதன்படி போடுங்கள். சளியோடு மூக்கு ஒழுகும் கோழி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் சளி, முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும்.

பட்டி கட்டுவது

வருஷம் முழுக்க நாலு பட்டியில் அடைத்து வைக்க வேண்டியதில்லை. பலர் பயந்து பின்வாங்குவது இந்த இடத்தில்தான். குஞ்சுக்காக முட்டை எடுக்கும் மாதங்களில் மட்டும் பிரித்தால் போதும். மற்ற நாளில் பெட்டைகள் எல்லாம் ஒன்றாக மேயட்டும். சேவல்கள் மட்டும் தனித்தனிக் கூண்டிலோ, காலில் கயிறு கட்டி நிழலிலோ இருக்கும்.

பட்டிக்கு ஆறடி உயர வலை வேண்டும், மேலேயும் மூடியிருந்தால் நல்லது. சிறுவிடை பறக்கும். பக்கத்து வீட்டுச் சேவலும் பறக்கும், ஒருமுறை உள்ளே குதித்துவிட்டால் அந்த ஈடு முட்டை முழுக்கச் சந்தேகத்துக்குரியது. சேவல்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி பட்டிகளுக்கு நடுவே இரண்டடி உயரத்துக்குத் தகரமோ தென்னை ஓலைத் தட்டியோ வையுங்கள். இல்லாவிட்டால் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சண்டை போட்டே நேரம் போகும், பெட்டையைக் கவனிக்காது.

பட்டிகளுக்கு நிறப் பெயர் வையுங்கள்: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். பெரிய கோழிகளின் காலில் அதே நிறத்தில் பிளாஸ்டிக் வளையமோ கேபிள் டையோ மாட்டுங்கள். ஒரு விரல் நுனி நுழைகிற அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். வளர்கிற குஞ்சுக்கு மாட்டினால் மாதம் ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கால் தடிக்கத் தடிக்க வளையம் சதைக்குள் இறங்கிவிடும்.

சேவலை நகர்த்துவது

ஒரே வீட்டில் வாங்கிய சேவலும் பெட்டைகளும் ஏற்கெனவே உறவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் வந்த முதல் பருவத்திலேயே சேவலைத் தன் குடும்பத்தோடு விடாமல் அடுத்த பட்டிக்கு மாற்றுங்கள். சிவப்புச் சேவல் மஞ்சள் பெட்டைகளோடு, மஞ்சள் சேவல் பச்சையோடு, பச்சை நீலத்தோடு, நீலம் சிவப்போடு. பெட்டைகள் எப்போதும் பிறந்த பட்டியிலேயே இருக்கும். இடம் மாறுவது சேவல் மட்டும்.

அப்படிப் பொரிக்கும் குஞ்சு ஒவ்வொன்றும் இரண்டு ரத்தம். சிவப்புப் பட்டியில் பிறந்தவை நீலமும் சிவப்பும். மஞ்சளில் பிறந்தவை சிவப்பும் மஞ்சளும். பச்சையில் மஞ்சளும் பச்சையும், நீலத்தில் பச்சையும் நீலமும். குஞ்சு எந்தப் பட்டியில் பிறந்ததோ அந்த நிறம்தான் அதற்கு.

இரண்டாம் தலைமுறையில் நிறையப் பேர் மறுபடியும் அடுத்த பட்டிக்கே மகனை அனுப்புகிறார்கள். அங்கேதான் உறவு நுழைகிறது. சிவப்புப் பட்டியின் மகனை மஞ்சளுக்கு அனுப்பினால் இரண்டு பக்கமும் சிவப்பு ரத்தம் இருக்கும். அதற்குப் பதில் இந்த முறை ஒரு பட்டியைத் தாண்டுங்கள். சிவப்பும் பச்சையும் தங்கள் மகன்களை மாற்றிக்கொள்ளட்டும், மஞ்சளும் நீலமும் மாற்றிக்கொள்ளட்டும். சிவப்பு மகனிடம் இருப்பது நீலமும் சிவப்பும், பச்சை மகளிடம் இருப்பது மஞ்சளும் பச்சையும். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. தாளில் நாலு வட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து பாருங்கள், ஐந்து நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். நாலு குடும்பமும் உண்மையிலேயே வேறு வேறு என்றால், இந்த இரண்டு நகர்த்தல் முடியும்வரை உறவு நெருக்கம் சுழியம்தான்.

மூன்றாவதிலிருந்து எல்லாப் பட்டியிலும் நாலு ரத்தமும் கலந்திருக்கும், இனி உறவே இல்லாத ஜோடி கிடையாது. அப்போது மறுபடி ஒரு பட்டி நகர்த்தலுக்குத் திரும்புங்கள். சிவப்பையும் பச்சையையும் மட்டும் அந்தச் சுற்றில் நேராகச் சேர்க்காதீர்கள். போன சுற்றில் இரண்டும் அண்ணன்களைப் பரிமாறிக்கொண்டவை, தாய் வழியும் தகப்பன் வழியும் நெருக்கம். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் அதே விதி.

இன்னொன்று, சேவலை மாற்றிய உடனே முட்டை எடுக்கக் கூடாது. சேவல் பிரிந்த பிறகும் அதன் விந்து பெட்டையின் உடம்புக்குள் இரண்டு மூன்று வாரம் உயிரோடு தங்கும். பழைய சேவலை எடுத்தபின் நாலு வாரம் போகட்டும். அதுவரை வரும் முட்டையை ஆம்லெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டைகளை எல்லாச் சேவலோடும் மேய விட்டிருந்தால் இந்த நாலு வாரத்தை முன்கூட்டியே கணக்குப் பண்ண வேண்டும். மார்கழிக் கடைசியில் முட்டை எடுக்க ஆரம்பிக்க வேண்டுமென்றால் கார்த்திகைக் கடைசியிலேயே பிரித்துவிட வேண்டும். தை, மாசிக் குஞ்சு மழையிலும் நனையாது, கோடை உச்சத்துக்கு முன்னால் இறகும் கட்டிவிடும். நான் அந்தப் பருவத்தையே சொல்வேன்.

முட்டையும் அடையும்

இடுகிற இடத்தில் ஒரு முட்டையை அடையாளக் கோடு போட்டு விட்டுவைத்து, மற்றதைத் தினமும் எடுத்துவிடுங்கள். பென்சிலால் பட்டியின் முதலெழுத்தும் தேதியும் எழுதுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம், ஓட்டில் நுண்துளைகள் உண்டு. கூர் முனை கீழே பார்க்க, குளிர்ச்சியான இடத்தில் வைக்கலாம். பழைய வீடுகளில் அரிசிப் பானையிலோ மணலிலோ வைப்பார்கள், அதுவும் சரிதான். ஒரு வாரத்துக்கு மேல் வைக்கும் முட்டையில் பொரிப்பு மெல்லக் குறையத் தொடங்கும், பத்து நாளைத் தாண்ட விடாதீர்கள்.

பட்டிக்கு மூன்று பெட்டைதான் என்பதால், சில நாள் கவனித்தாலே எந்த முட்டை யாருடையது என்று தெரிந்துவிடும். ஒன்று நீளம், ஒன்று உருண்டை, ஒன்றின் ஓடு கொஞ்சம் செம்மை. தெரியாவிட்டால், இடப்போகிற நேரத்தில் பெட்டையைத் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சிறுவிடைப் பெட்டைக்குப் பத்து, பன்னிரண்டு முட்டைக்கு மேல் அடை வைக்காதீர்கள். ஒவ்வொரு அடையிலும் ஒரே பட்டி முட்டை. இன்குபேட்டர் என்றால் 37.5 டிகிரி, முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 55, கடைசி மூன்று நாள் 65-க்கு மேல். கடைசி மூன்று நாள்தான் கலந்துபோகிற ஆபத்து. அதனால் 18-ஆம் நாள் ஒவ்வொரு பட்டி முட்டையையும் தனித்தனி வலைக்கூடைக்குள் போட்டுவிடுங்கள். பொரித்த குஞ்சுக்கு எந்த ஓட்டிலிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாது.

ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையை டார்ச்சின் மேல் வைத்துப் பாருங்கள். உயிருள்ள முட்டையில் சிலந்தி கால் விரித்த மாதிரி ரத்த நாளங்கள் ஓடும், நடுவில் ஒரு கரும்புள்ளி அசையும். எதுவுமே இல்லாமல் மஞ்சளாக ஒளிர்ந்தால் கரு கூடாத முட்டை. நாளங்கள் கலைந்து, ஓட்டை ஒட்டி ஒரு செவ்வளையம் மட்டும் தெரிந்தால் கரு கூடி, பாதியில் செத்தது. இந்த இரண்டையும் ‘கூமுட்டை’ என்று ஒரே கணக்கில் எழுதிவிடாதீர்கள். முதலாவதுக்குச் சேவலையும் வெயிலையும் பார்க்க வேண்டும். இரண்டாவது வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனால் ரத்த நெருக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

குஞ்சுக்கு அடையாளம்

பொரித்த அன்றே செய்யுங்கள், மறுநாளைக்குத் தள்ளினால் கலந்துவிடும். குஞ்சின் விரல்களுக்கு நடுவே மெல்லிய தோல் சவ்வு இருக்கிறது, காலுக்கு இரண்டு இடம், மொத்தம் நாலு. கோழிக்குஞ்சுக்கென்றே விற்கும் சின்னத் துளைக்கருவியால் அதில் ஒரு ஓட்டை போட வேண்டும். குஞ்சை மல்லாத்தி உள்ளங்கையில் வைத்து, விரல்களைக் கட்டைவிரலால் லேசாக விரித்தால் சவ்வு நகக்கண் அளவுக்குத் தெரியும். நடுவில் வைத்து ஒரே அழுத்து. கருவியை எடுத்ததும் துளைத்த தோல் துணுக்கு கீழே விழுந்ததா என்று பாருங்கள். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு வாரத்தில் சவ்வு மறுபடி கூடிவிடும், அடையாளம் போச்சு. போவிடோன் அயோடின் ஒரு சொட்டு வைத்து, வெப்பத்தில் விட்டுவிடலாம்.

இடது வெளிப்பக்கம் சிவப்பு, இடது உள்பக்கம் மஞ்சள், வலது உள்பக்கம் பச்சை, வலது வெளிப்பக்கம் நீலம். இது போதும். தாயையும் குறிக்க வேண்டுமென்றால், நாலு இடத்தில் எங்கே ஓட்டை, எங்கே இல்லை என்று மாற்றி மாற்றிப் போட்டால் பதினைந்து அடையாளம் கிடைக்கும். பன்னிரண்டு பெட்டைக்குத் தாராளம்.

ஒரு நோட்டும் வேண்டும். செல்போனில் எழுதலாம், ஆனால் கோழிக்கூட்டில் கை அழுக்கோடு நிற்கும்போது ஆணியில் தொங்கும் நோட்டுதான் கைக்கு வரும். பட்டி, தாய், வைத்த முட்டை, கரு கூடாதது, உள்ளே செத்தது, பொரித்தது, எட்டு வாரத்தில் உயிரோடு இருப்பது. இந்த ஏழு கட்டம் போதும்.

எதை நிறுத்திக்கொள்வது

மனசு தடுமாறுகிற இடம் இது. நல்ல தாய் ஒன்று பதினொரு குஞ்சைப் பொரித்து பதினொன்றையும் காப்பாற்றியிருக்கும். இன்னொன்று மூன்றோடு நிற்கும். நல்ல தாயின் குஞ்சுகளிலேயே நாலை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். எடுத்தால் உங்கள் பன்னிரண்டு பெட்டைகள் காகிதத்தில் மட்டும் பன்னிரண்டு, ரத்தத்தில் ஐந்தோ ஆறோ. ஒவ்வொரு பெட்டைக்கும் அவள் இடத்தை நிரப்ப ஒரு மகள், ஒவ்வொரு சேவலுக்கும் ஒரு மகன். குடும்பத்துக்குள் சிறந்ததைத் தேர்ந்தெடுங்கள், குடும்பங்களுக்கு நடுவே தேர்ந்தெடுக்காதீர்கள்.

அலகு கோணியது, விரல் வளைந்தது, வளராமல் கூம்பி நிற்பது, இவற்றைக் கழிக்க வேண்டும். ஆனால் விரல் சுருண்டு, கணுக்காலால் நடக்கிற குஞ்சைப் பார்த்ததும் ரத்தக் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள். தீவனத்தில் ரிபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின் குறைந்தாலும் அப்படி ஆகும். அதே பட்டியில் பல தாய்களின் குஞ்சும் அப்படி என்றால் முதலில் தீவனத்தைச் சரிபண்ணுங்கள்.

பெரிய சேவலை நிறுத்திக்கொள்கிற ஆசையும் இருக்கிறது. சந்தையில் எடைக்குத்தான் காசு, எனக்கும் புரிகிறது. ஆனால் வருஷா வருஷம் பெரியதையே பொறுக்கினால் கையில் மிஞ்சுவது சிறுவிடையாக இருக்காது. எடை வேண்டுமென்றால் அதற்கு அசீல் இருக்கிறது. இங்கே நடுத்தர உடம்பு, சுறுசுறுப்பு, அடை, குஞ்சைக் காப்பாற்றும் குணம், இவைதான் தேர்வு. நிறத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஒதுக்காதீர்கள்.

சேவல் குஞ்சுகள் நாலு மாதம் தாண்டியதும் பெட்டைக் குஞ்சுகளிலிருந்து பிரித்துவிட வேண்டும். கூவத் தொடங்கிவிட்டால் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டிக்கும் நிறுத்திய மகனோடு அதன் தம்பி ஒன்றையும் வைத்திருங்கள். நாயோ கீரியோ ஒரு ராத்திரியில் ஒரு சேவலை எடுத்துவிட்டால் அந்த ரத்தமே அறுந்துபோகும்.

அவசரமும் வேண்டாம். மேலே சொன்ன சதவீதமெல்லாம் தலைமுறைக்கு, வருஷத்துக்கு அல்ல. நாட்டுப் பெட்டை இரண்டு மூன்று வருஷம் நன்றாக முட்டை இடும். வருஷா வருஷம் தாய்க்கூட்டத்தை மாற்றுபவர் பத்து வருஷத்தில் பத்துத் தலைமுறை ஓட்டியிருப்பார், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுபவர் ஐந்து. கோழி அதே, இழப்பு ஏறக்குறையப் பாதி. நடுவில் பொரிக்கிற குஞ்சுகளை விற்கலாம், சாப்பிடலாம்.

வெளி ரத்தம்

முட்டை உள்ளே சாவது கூடுகிறது, எட்டு வாரத்தில் நிற்கும் குஞ்சு குறைகிறது, பெட்டை முட்டை இடுவதும் சரிகிறது என்றால், முதலில் தீவனம், வெயில், சேவலின் வயது, முட்டை வைத்த நாள் இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் கரு கூடாத முட்டை ஏறுவது இயல்பு. எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு மூன்று பருவமாகக் கணக்கு சரிந்துகொண்டே போனால் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதுதான்.

ஊரில் இதற்குச் சொல்கிற வைத்தியம், ‘ஒரு புதுச் சேவலை வாங்கி விடு’. அதை நேராக நாலு பட்டிக்கும் விட்டால், அடுத்த தலைமுறை முழுக்க அந்த ஒரே சேவலின் பிள்ளைகள், மறுபடி ஒரு சேவல் கணக்கு. அதோடு கலப்பையோ நோயையோ கொண்டுவந்தால் திருப்பி எடுக்க வழியில்லை. புதியதை ஒரே ஒரு பட்டியில் மட்டும் விடுங்கள். அதன் பிள்ளைகள் சிறுவிடையாக நிற்கின்றனவா, மகள்கள் அடைக்கு வருகிறார்களா என்று ஒரு தலைமுறை பார்த்துவிட்டு மற்ற பட்டிக்கு அனுப்பலாம். முடிந்தால் சேவலுக்குப் பதில் அடைமுட்டையாக வாங்கி உங்கள் பெட்டையின் கீழ் வையுங்கள். முட்டை வழியாக வரும் நோய் ஒன்றிரண்டு உண்டுதான், ஆனால் வளர்ந்த கோழி சுமந்து வருவதைவிடக் குறைவு.

உங்களைப் போலவே வேறு யாராவது நாலு பட்டி வைத்திருந்தால், அதுதான் புது ரத்தத்துக்கு நல்ல இடம். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் பாதுகாக்க வேண்டிய இனக்கூட்டங்களுக்கு உறவு நெருக்கம் ஒரு தலைமுறைக்கு 1 சதவீதத்தைத் தாண்டாமல் வைக்கச் சொல்கிறது. நாலு சேவல் கூட்டம் தனியாக அந்த இடத்துக்குப் போக முடியாது. ஆனால் இதே அளவு நாலு வீடு ஒரே கூட்டமாக நினைத்துக்கொண்டு சேவலைப் பரிமாறினால், பதினாறு சேவல், நாற்பத்தெட்டுப் பெட்டை ஆகிறது. கணக்கு 1.04, கிட்டத்தட்ட அந்த எல்லைதான்.

ஆள் கிடைக்காவிட்டால் கிராமத்தில் பழைய வழி ஒன்று இருக்கிறது: வாரத்துக்கு விடுவது. பெட்டையையும் சேவலையும் சொந்தக்காரர் தோட்டத்தில் விட்டு, வரும் குஞ்சில் பாதி அவர்களுக்கு, பாதி உங்களுக்கு. ஆளுக்கு ஒரு நிறம் கொடுங்கள். வாரத்துக்கு எடுப்பவரிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், வேறு சேவலை அந்தத் தோட்டத்தில் விடக்கூடாது. ஒருவர் வீட்டில் வெள்ளைக்கழிச்சல் வந்தாலும் மற்ற மூன்று நிறம் வேறு ஊரில் உயிரோடு இருக்கும், பொங்கலுக்குப் போகும்போது ஒரு கூடையில் சேவலை மாற்றிக்கொண்டு வந்துவிடலாம்.